உள்ளது உள்ளபடி

கால்வெஸ்டன் துறைமுகம், 1909, ஆகஸ்ட் புழுக்கம்.
விசாரணை அறையில் மூன்று அதிகாரிகள்,
ஒரு மின்விசிறி. அதுவும் அவர்கள் பக்கம்.
நான் தட்டச்சு.
மூன்று பிரதி, நடுவே இரண்டு கார்பன்,
விரல் நுனியில் எப்போதும் நீலம்.

பட்டியலில் பத்தொன்பதாம் வரி:
அப்போலேனா ஹ்ரூபா, வயது முப்பத்தொன்று,
மணமாகாதவர், கையிருப்பு ஒன்பது டாலர்.
'அரசுக்குப் பாரமாகக்கூடும்' என்று
ஓரத்தில் பென்சில் முன்கூட்டியே எழுதிவிட்டது.

கப்பல் கட்டணம் யார் கொடுத்தது?
நானே.
பணம் ஏது?
பதினொரு குட்டி வீடு இருந்தது. விற்றேன்.

எங்கள் மொராவியப் பக்கத்தில்
தேனீப் பெட்டியை அப்படித்தான் செல்லமாகச் சொல்வது.
மொழிபெயர்ப்பாளர் டீடமன் பிரேமன்காரர்,
செக் மொழியைச் சாராயக்கடையில் கற்றவர்.
'குட்டி'யை விழுங்கிவிட்டுச் சொன்னார்:
"பதினொரு வீடுகள், ஐயா."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.
வீடுகளில் ஆள் குடியிருந்ததா?
ஏகப்பட்டது, என்றாள். எண்ணி மாளாது.
வரும்படி?
கோடையில் நல்ல வரும்படி.
பனிக்காலத்தில் நான்தான் ஊட்ட வேண்டும்.

"தரும சிந்தனை" என்று முணுமுணுத்தார் தலைவர்.
அதையும் அடிக்கவா என்றேன்.
வேண்டாம் என்றார்.

அந்த 'வீடுகள்' மேல் வந்தபோது
என் விரல் ஒரு கணம் தயங்கியது.
அவ்விடத்தில் வேண்டாத காற்புள்ளி ஒன்று
மூன்று பிரதியிலும் விழுந்து கிடக்கிறது.
என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.
காதில் விழும் ஆங்கிலத்தை அடிக்கத்தான் சம்பளம்,
மாதம் நாற்பத்தைந்து.

அனுமதி. முத்திரை.
ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.
மூட்டையைத் தூக்கிக்கொண்டு
அலமாரிக் கதவைத் திறந்து பார்த்தாள்,
பிறகு வாசல் கதவை.

இருபதாம் வரி, மதோஷ் ஸ்போரில், தையல்காரர்.
இங்கே வேலை ஏதும் காத்திருக்கிறதா?
ஆமாம் ஐயா, என்றார், சட்டைக் கழுத்தை இழுத்துவிட்டு;
மாமன் மகன் பேசி முடித்துவிட்டான்,
திங்கட்கிழமை காலையிலேயே சேரலாம்.

வேலை பேசிக்கொண்டு கரையேறுவது சட்டவிரோதம்.
அது அவருக்குத் தெரியாது.
டீடமன் இம்முறை ஒரு சொல்லும் பிசகவில்லை.
வந்த கப்பலிலேயே அனுப்பினார்கள்.

இரண்டு தாளின் அடியிலும் என் கையெழுத்து இருக்கிறது,
நான் தினமும் போடும் அதே வாசகத்தின் கீழ்:
சொன்னது சொன்னபடி, உள்ளது உள்ளபடி.

காற்புள்ளி ஒன்று நீங்கலாக.