நான்குக்கு நான்கு

"பஸ்ஸில் வாந்தி வருமா?"
ஆபரேஷனுக்கு முந்தைய மாலை
மயக்க டாக்டர் மெஹருன்னிசா கேட்ட முதல் கேள்வி.
பித்தப்பைக் கல்லுக்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

ஏற்காட்டுக்காரி நான்.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
தனித்தனியாகக் கடன்பட்டவள்.
சேலத்துக்கு இறங்கினால் பதினான்கில் தொடங்கும்.
கண்டக்டர் கேட்காமலே கவர் நீட்டுவார்.

"சிகரெட்?"
சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.
பெண். புகைக்காதவள். பஸ் ஒத்துக்கொள்ளாதவள்.
வலிக்கு அபின் வகை ஊசி போட்டாக வேண்டும், அது ஒன்று.
நான்குக்கு நான்கு.
கணக்குப் பரீட்சையில் ஒருநாளும் வாங்காத முழு மார்க்.

"முன்னால் ஏதாவது ஆபரேஷன்?"
பன்னிரண்டு வருடம் முன்பு, குடல்வால்.
முகமூடி வைத்து வாயு கொடுத்தார்கள்.
விழித்தபோது கட்டில் மலை இறங்கிக்கொண்டிருந்தது.
இரவு முழுக்க வளைவு வளைவாய்.
ஒவ்வொரு ஓங்கரிப்புக்கும்
தையல்கள் ஆஜர் சொல்லின.
கத்தி வலித்ததா, நினைவில்லை.
அந்த இரவு இருக்கிறது.

"அப்படியானால் வாயு வேண்டாம்" என்றார்.
"நரம்பு வழியாக மட்டும். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும்,
ஏறும்போது கை எரியும்.
குமட்டலுக்குக் கூடவே இரண்டு ஊசி.
வரவே வராதென்று சத்தியம் செய்ய மாட்டேன்.
வாய்ப்பு குறையும்."
சத்தியம் செய்யாதவரை நம்பத் தோன்றியது.

எரிந்தது. எண்ணச் சொன்னார்கள்.
மூன்றா, நான்கா.

பிறகு யாரோ,
"தவமணி, கண்ணைத் திறங்க."
திறந்தேன்.
கூரை கூரையாகவே இருந்தது.
மின்விசிறி தன் இடத்தில்.
பல்லைக் கடித்துக்கொண்டு
முதல் வளைவுக்குக் காத்திருந்தேன்.
வரவில்லை.
வெளியே லாரி ஹார்ன், யாரோ வடை பிரிக்கும் வாசனை.
பசித்தது. எனக்கே வெட்கமாக இருந்தது.

பக்கத்துக் கட்டிலில்
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைப் பெண்.
நடு இரவில் அவசரமாய்த் தூக்கி வந்தார்களாம்.
பஸ்ஸைப் பற்றிக் கேட்க
யாருக்கு நேரம் இருந்திருக்கும்?
தலையைத் தூக்கினாள், வாயைப் பொத்தினாள்.
என் தலையணைக்கடியில் ஆறு கவர்கள்,
வீட்டிலிருந்து மடித்து எடுத்து வந்தவை.
எட்டி நீட்டினேன், மொத்தமாக,
கேட்காமலே.

மூன்றாம் நாள் மலை பஸ்.
டாக்டரின் பால் அடிவாரம் வரைதான் போலிருக்கிறது.
ஐந்தாவது வளைவில்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு பையைத் துழாவும்போதுதான்
நினைவு வந்தது,
கவர்கள் எல்லாம் அவளிடம்.