சொறிப் பேணி

கல்லடியில ரயர்க் கடைக்கு மேல்மாடி.
படி ஏறக்குள்ளேயே றப்பர் மணம்.
முப்பத்தொன்பது வயதில
கடன் வாங்கின கையுறைக்குள்ள கையை விட்டன்;
ஆரோ ஒருத்தியின்ட நேற்றைய வேர்வை
இன்னும் ஈரமாக் கிடந்தது.

யதுர்ஷிக்கு இருபத்திரண்டு.
காலையில முன்பள்ளியில படிப்பிக்கிறாள்,
பின்னேரம் எங்களை.
ரெண்டு இடத்திலயும் ஒரே குரல்தான் போல:
"இடக்கால் முன்னுக்கு. நாடி கீழ.
கையைக் கன்னத்தில வைங்க அக்கா,
பல்லுக் கொதி வந்த ஆள் மாதிரி. கீழ விடப்படாது."

முதல் நாள் முழுக்க நிற்கத்தான் படிச்சன்.
மறுகா நடக்க.
முன்கால் போகுமாம், பின்கால் தொடருமாம்,
ஒண்டையொண்டு தொடப்படாதாம்.
என்ட கால் ரெண்டும்
சந்திச்சுச் சந்திச்சுக் கதைச்சுதுகள்.

கயிறு பாயிறதைப் பற்றிக் கேளாதீங்க.

பழஞ்சீலையும் உமியும் அடைச்ச பை
முகட்டு வளையில தொங்குது.
"கால் அடிக்கிறதில்ல அக்கா, இடுப்புத்தான் அடிக்கிறது.
ஊண்டின காலின்ட குதியைக் கிறுக்குங்க.
இடுப்புக் கிறுகும். மற்றக் கால் தானா வரும்."
கிறுகினன்.
இடுப்புக் கிறுகிச்சு, தலை கிறுகிச்சு,
யன்னலும் வாவியும் கிறுகிச்சு.
பை மட்டும் அசையாம நிண்டுது.
கணைக்கால் எலும்பில பிடிச்ச நோவு
பாலம் தாண்டி வீடு வரைக்கும் கூட வந்தது.

பகலெல்லாம் லீசிங் கொம்பனி.
மூண்டு மாதம் கட்டாத ஓட்டோக்காரருக்கு
கோல் எடுக்கிறது என்ட வேலை.
"சொறி சேர், நாளைக்காவது..."
அவர் ஏசுவார். "சொறி சேர்."
மனேஜர் ஏசுவார். "சொறி சேர்."
பதினாலு வருசமா
நாக்குத் தானே எழும்பித் தானே கும்பிடுது.

அதால பையைக் குத்தினாலும் சொன்னன்.
பையிட்ட.
யதுர்ஷி ஒரு பால்மாப் பேணியைக் கொண்டந்து
யன்னல் கட்டில வைச்சாள்.
"ஒரு சொறிக்கு இருபது ரூபா.
சொறி வந்தா முதுகைச் சொறியுங்க."

ஷிப்னா காத்தான்குடி. தாதிப் படிப்பு.
அவளோட சோடி போட்ட மூண்டாம் கிழமை
என்ட இடக்கை, ஏனெண்டு தெரியா,
நேராப் போய் அவள்ட மூக்கில நிண்டுது.
கண் நிறைஞ்சு வழியுது அவளுக்கு.
கையுறையோடயே முகத்தைத் துடைக்கப் போய்
இன்னொருக்கா இடிச்சுப்போட்டன்.
சொறி, சொறி, ஐயோ சொறிம்மா.
அறுபது ரூபா.

மூக்கை ரெண்டு பக்கமும் அமத்திப் பார்த்தாள்,
வாட்டில வேற ஆரையோ பார்க்கிற மாதிரி.
"எலும்பு சரி. நல்ல குத்து.
நீங்க ஏன் அழுறீங்க? அடி வாங்கத்தானே
நானும் மாதம் ஆயிரத்தி ஐந்நூறு கட்டுறன்.
கையை உயர்த்துங்க. இப்ப என்ட முறை."

விலாவில வந்தது அவள்ட முறை.
காத்து முழுக்க வெளியில போன அந்த நொடி
வாயில சொல்ல ஒண்டும் இல்ல.
வாயே இல்ல.
பிறகு காத்துத் திரும்பி வந்தது,
வாவிக் காத்து, மீன் மணத்தோட.
ஷிப்னா சொறி சொல்லல்ல.
என்னை ஒரு ஆளா மதிச்ச மாதிரிக் கிடந்தது எனக்கு.

திருந்திட்டன் எண்டு நினைச்சிராதீங்க.
நேற்றும் பஸ்ஸில தோள் இடிச்சுக்
கம்பியிட்ட மன்னிப்புக் கேட்டன்.
கறன்ட் போன பின்னேரம்
மெழுகுதிரி வெளிச்சத்தில நிழலைக் குத்தேக்க
நிழலுக்கும் ஒண்டு.

மாதம் முடியப் பேணியைக் கவிழ்த்து எண்ணினம்.
மூவாயிரத்தி நாநூறு.
அதில ரெண்டாயிரத்தி அறுநூறு என்ட.
நாலு சோடி கைப்பட்டி வந்தது, கறுப்பு.

பெருவிரல்ல கொளுவி
மணிக்கட்டில மூண்டு சுத்து, மொளியில மூண்டு,
விரலுக்கு இடையால ஒவ்வொண்டு.
நாலரை மீற்றர் துணி.
முக்கால்வாசியும் நான் கேட்ட மன்னிப்பு.
இறுக்கிச் சுத்துறன்.