மாரிகுப்பம் வண்டியில் வந்தவரின் கருத்து

ஈஜிபுராவில், மாவு மில்லுக்கு மேல்மாடியில்
எங்கள் கம்பெனி.
கீழே ராகி அரைபட்டால்
மேலே மானிட்டர் நடுங்கும்.
பிணங்கள் எழுந்து வரும் விளையாட்டொன்று செய்கிறோம்,
சிரிக்கவைக்கிற பிணங்கள்.
குக்கர் மூடியால் அடித்தால் தலை கழன்று
விசிலடித்துக்கொண்டே உருளும்.
அந்த விசிலுக்கு வாயைக் குவித்தது நான்தான்.

சனிக்கிழமைகளில் ஆட்டக்காரர்கள் வருவார்கள்.
தலைக்கு ஐந்நூறு ரூபாய், ஒரு பிரியாணிப் பொட்டலம்,
பத்துக் கேள்விகள்.
பின்னால் நின்று நான் குறித்துக்கொள்வேன்,
எங்கே சிரிக்கிறார்கள்,
எங்கே போனை எடுக்கிறார்கள் என்று.

ரத்தம் பச்சையாக இருப்பது சரியில்லை என்றாள் நௌஷீன்.
'புதினாச் சட்னி மாதிரி இருக்கு, பசிக்குது.'
குடகிலிருந்து வந்த பெள்ளியப்பா
மூன்று மணிநேரம் வாயைத் திறக்காமல் வெட்டிச் சாய்த்துவிட்டு
'பரவாயில்லை' என்றார், கண்ணெல்லாம் சிவந்து.
கல்லூரிப் பையன் ஒருவன்
நகைச்சுவை மலிவு என்று இரண்டு பக்கம் எழுதினான்.
மாப்பிள்ளை வேட்டியோடு ஒரு பிணம் வழுக்கி விழுந்தபோது
அவன் குடித்த சோடா மூக்கு வழியாக வந்ததை
நானும் எழுதிவைத்தேன்.

அந்தோணிதாஸ் மட்டும்
அடிக்கவும் இல்லை, ஓடவும் இல்லை.
நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.
பிணங்கள் அவரைத் தின்றன.
மறுபடி தொடங்கினார்.
மறுபடி தின்றன.
'நடை தப்பும்மா' என்றார்.
'குடிச்சவன் மாதிரி ஆடுதுங்க.
செத்தவன் இன்னாத்துக்கு ஆடறான்?
தூங்கினே நடக்கறவன் மாதிரி வரணும்.'

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு
நடந்து காட்டினார்.
விடியுமுன் தங்கவயலில் கிளம்பி
மாரிகுப்பம் வண்டி பிடிக்கிற நடை:
டிபன்பை மார்போடு,
சீசன் டிக்கெட் பல்லிடுக்கில்,
கண் மூடி,
முன்னால் போகிற முதுகுதான் வழி.
பிளாட்பாரப் படி வருகிற இடத்தில் மட்டும்
கால் தானாக ஒருமுறை உயரும்.

எங்கள் ஹாலில் படி கிடையாது.
அவர் கால் உயர்ந்தது.

படமெடுத்துக்கொண்டோம். முன்னூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்தோம்.
அடுத்த மாதம் திரையில்
நாற்பது அந்தோணிதாஸ்கள்
டிபன்பையோடு வந்தார்கள்.
நௌஷீன் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டாள்.
பெள்ளியப்பா சிரித்த சத்தத்தில்
மில்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்தார்.
கல்லூரிப் பையன் 'சமூக விமர்சனம்' என்றான்,
இந்தமுறை நான்கு பக்கம்.
ஆறு, ஆறரை என்று இழுத்துக்கொண்டிருந்த மதிப்பெண்
ஒன்பதேகாலில் போய் நின்றது.
சம்பளம் கூடும்போலிருக்கிறதே என்று நினைத்தேன்.
கூடவே வெட்கமாகவும் இருந்தது;
எது முதலில் வந்தது என்று சொல்லமாட்டேன்.

அவரும் வந்திருந்தார்.
தயங்கித் தயங்கி கண்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன்.
முதல் அடி தன் தலைக்கேதான்.
அது விசிலடித்து உருண்டதும்
தொடையைத் தட்டிச் சிரித்தார்:
'ஒரு நாளாச்சும் லீவு உட்டியே எனக்கு!'
வரிசையாக முப்பத்தொன்பது பேருக்கு லீவு கொடுத்தார்.
கடைசி ஆளிடம் வந்ததும் மூடியைத் தாழ்த்தினார்.
'இவன் பங்காருப்பேட்டைல ஏறுறவன்.
ஒக்கார எடமே கெடச்சிருக்காது. உடு, போட்டும்.'
அந்தப் பங்காருப்பேட்டைக்காரன் கிட்டே வந்து
பொறுமையாக அவரைத் தின்றான்.

ஒன்பதாவது கேள்வி:
நண்பர்களை விளையாடச் சொல்வீர்களா?
ஆம், இல்லை, இரண்டு கட்டத்தையும் விட்டு
ஓரத்தில் எழுதியிருந்தார்:
'எல்லாரும் உள்ளதான் கீறாங்க.'

பத்தாவதற்குப் பதில் இல்லை.
சாயங்கால வண்டிக்கு நேரமாகிவிட்டது,
பொட்டலத்தைப் பிரிக்காமலே பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

அட்டவணைக்கு ஓரம் கிடையாது.
'ஆம்' என்று போட்டேன். அழித்தேன்.
கீழே யாரோ ராகி கொண்டுவந்து கொட்டினார்கள்.
நடுங்குகிற திரையில்
கட்டத்தைக் குறிபார்த்து
மறுபடி 'ஆம்' என்று போட்டேன்.