நாற்பத்தொரு துண்டு

தட்டு நிறைந்துவிட்டதென்று கொம்பியூட்டர் கத்திய அன்று
முனாஸ் காக்கா சொன்னார்:
"காசு தராத கலியாணத்தை அழி."

அழித்தேன்.
பேரின்பராசாவின் மகள் கலியாணம், பெரியகல்லாறு.
அறுபத்திரண்டு ஜி.பி.
விடியமுன் தொடங்கிப் பந்தி முடியும்வரை பிடித்தது,
பட்டனைத் தட்டிக் கை எடுக்கமுன் இல்லை.

இல்லை என்பதும் பொய்.
பெயர்ப்பலகையை மட்டும்தான் கழற்றுகிறோம்.
உள்ளே மணவறை அப்படியே நிற்கும்,
நாதஸ்வரக்காரர் மூச்செடுக்காமல் ஊதிக்கொண்டிருப்பார்,
அடுத்த குடி சாமானோடு வந்து இறங்கும்வரை.

இறங்கினார்கள்.
பாண்டிருப்பில் ஒரு தீமிதிப்பு.
பாலர் பாடசாலைக் கலைவிழா, பதினெட்டு முயல்கள்.
நற்பிட்டிமுனையில் ஓர் அந்தியேட்டி
(அதையும் பிடிக்கச் சொல்கிறார்கள்).
கொடுத்து முடித்ததை அழிப்பேன். குழி விழும்.
குழிக்குள் இன்னொன்றைப் போடுவேன்.
கொள்ளாதது அடுத்த குழிக்கு,
அதிலும் கொள்ளாதது எங்கோ ஓரத்துக்கு.

மருதமுனை வலீமா ஒன்று
காலை நீட்டிப் படுக்க இடமில்லாமல்
நாற்பத்தொரு துண்டாய்க் கிடந்தது.
அதைத் திறந்தால் பெட்டிக்குள் முள் ஓடும் சத்தம்
கடலோர றோட்டில் போகும் பஸ் மாதிரி:
கல்லாறு, நீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு,
கண்டக்டர் சொல்லி முடிக்கமுன் ஊர் மாறும்,
பிறேக், கியர், பிறேக்.
படம் நடுவில் நின்று நின்று நகரும்.
மாப்பிள்ளை சிரிக்கத் தொடங்கி
சிரித்து முடிக்க ஒரு நிமிடம்.

நாலாம் வருஷம், வெள்ளாமை வெட்டு முடிந்து
பேரின்பராசா வந்தார்.
சொப்பிங் பையில் மீதிக் காசு.
"மூணு போகம் பிழச்சிப் போயித்து மகள்.
இப்பதான் கை நிமிர்ந்தது."

காக்கா தேத்தண்ணி வாங்கப் போய்விட்டார்.
நான்தான் சொன்னேன்.
அவர் கோபிக்கவில்லை. கேட்டார்,
"பேரைத்தானே அழிச்ச, ஆள் கிடக்கும்தானே?"

இரவு முழுக்கத் தோண்டினேன்.
விடியும்போது கிடைத்ததைப் போட்டுக் காட்டினேன்.
மகள் தலை குனிகிறாள், தாலிக்கு.
பச்சைக் கட்டங்கள்.
ஒரு சஹனைச் சுற்றி ஆறு கைகள், நெய்ச்சோறு.
பச்சைக் கட்டங்கள்.
முயல்கள் துள்ளுகின்றன, ஒரு முயல் அழுகிறது.
மகள் நிமிர்கிறாள். கழுத்தில் தாலி.

"கட்டினது?"
"கட்டியாச்சு. கட்டுற இடத்திலதான் வேற ஆக்கள் குடியிருக்காங்க."

அவர் திரும்பப் போடச் சொன்னார்.
மூன்றாம் முறை பார்க்கையில்
"என்ட வயலும் இப்படித்தான்" என்றார்.
"சாகாமத்தில ஒரு துண்டு, சவளக்கடையில ஒரு துண்டு,
நடுவில முழுக்க மத்தவன்ட.
தண்ணி கட்டப் போய்ப் போயே பெற்றோல் முடியுது."
பிறகு,
"அந்த முயல் பிள்ளையை வெட்டாத. இருக்கட்டும்."

முழுக் காசையும் எண்ணி வைத்தார்.
பாதியைத் திருப்பித் தள்ளினேன், எடுக்கவில்லை.
காக்கா வந்து எடுத்தார்.

அன்றிரவு எல்லாவற்றையும் ஒழுங்காய் அடுக்கிவிடுவதென்று
அடுக்கும் கட்டளையைக் கொடுத்தேன்.
கறண்ட் போகக்கூடாதென்று நேர்ந்துகொண்டேன்.
அது வேலையே தொடங்கவில்லை.
ஒன்றைத் தூக்கி வைக்க ஒரு வெறும் இடம் வேண்டுமாம்,
நூற்றுக்குப் பதினைந்து.
என்னிடம் இருந்தது மூன்று.

பட்டியலைத் திறந்தேன்.
காசு தராதவர் இப்போது யாருமில்லை.
அம்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தேன்,
வெளியே முதல் பஸ்
கல்முனை கல்முனை என்று கத்திக்கொண்டு நின்றது
கல்முனையிலேயே.