ஒரு சிட்டிகை

ஏழு புள்ளி ஏழு ஒன்று, என்றாள் ஃபெலிசிட்டா.
எழுதிக்கொண்டேன்.
ஒரு சவரனுக்குக் கொஞ்சம் குறைவு.
திபேரியஸ். வலப்பக்கம் பார்த்த தலை, இலைமுடி,
கன்னத்தில் தொடங்கிக் கழுத்தில் முடிகிற
உளிவெட்டு ஒன்று.

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான்
தராசைத் தொட வேண்டும்.
மேசைக்கு ஒரு கால் குட்டை,
நீர்க்குமிழ் ஓரத்துக்கே ஓடுகிறது.
எழும்பூரில் மே மாதம்.
அவளுக்கு எட்டாம் மாதம்.
பழைய பதிவேடு இரண்டை
முதுகுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள்.

வெட்டியவன் யாரென்று தெரியாது.
மிளகுக்கு விலையாக வந்தது
உள்ளேயும் தங்கம்தானா என்று பார்த்திருக்கலாம்.
இனி இது காசில்லை, வெறும் பொன் என்று
சொல்லியிருக்கலாம்.
ராஜா மேல் அவனுக்குக் கோபமில்லை.
குவியலில் இருந்த முகங்களையெல்லாம் வெட்டிவிட்டு
சாப்பிடப் போயிருப்பான்.

அங்கேயோ,
இருநூறு வருஷம் கழித்து,
இந்த நாற்காலியில் பிறகு வந்து உட்கார்ந்தவர்களுக்காக
கனல்மேல்
ஒரு சிட்டிகை சாம்பிராணி போடச் சொன்னார்கள்.
நம்ப வேண்டாம். போட்டால் போதும்.
போட்டவருக்குப் போட்டதாக ஒரு சீட்டு.
போடாமலே சீட்டை விலைக்கு வாங்கியவர்களும் உண்டு.
நானாக இருந்தால்
அந்த வரிசையில் நின்றிருப்பேன்.

இன்று வெள்ளிக்கிழமை.
வெளியே பாந்தியன் சாலை.
ரோமில் அந்தப் பெயரில் எல்லாத் தெய்வத்துக்கும் கோயில்,
இங்கே ஆட்டோ ஸ்டாண்டு.
மஸ்தான் பாய் தகரச் சட்டியை விசிறிக்கொண்டு வருகிறார்:
ஜெராக்ஸ் கடைப் பிள்ளையாருக்குப் புகை,
ஜூஸ் கடை மாதாவுக்குப் புகை,
படமே இல்லாத பஞ்சர் கடைக்கும் அதே புகை.
இரண்டு ரூபாய் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்.
யாரிடமும் சீட்டுக் கேட்டதில்லை.

ஏஜென்சியிலிருந்து ரித்தீஷ் வந்தான், ஒரு தாளோடு.
பிரசவத்துக்குப் போவது என் சொந்த விருப்பம்,
சம்பளமோ திரும்ப வேலையோ கேட்க மாட்டேன்.
கீழே பென்சிலில் ஒரு பெருக்கல் குறி.
"ஒரு கையெழுத்துதானேக்கா."
நல்ல பையன். அவளுக்கு இளநீர் வாங்கி வந்திருந்தான்.

அவள் தாளைப் பார்க்காமல் என்னிடம் பேசினாள்.

மார்ச் ஏழில் பிறந்தாளாம்.
ராயபுரத்து வீட்டுக் காலண்டரில்
அந்தத் தேதிக்கு இரண்டு பேர்,
ஒருத்தி சீமாட்டி, ஒருத்தி அடிமை.
பெர்பெத்துவா அப்பாவின் வாயில் நுழையவில்லை,
அடிமையின் பெயரை வைத்துவிட்டார்.

"அவளுக்கும் எட்டு மாசந்தான்.
ஜெயில்லயே வலி வந்துச்சு.
கத்துறாளேன்னு காவக்காரன் சிரிச்சானாம்.
மூணு நாள்ல மிருகங்களுக்கு முன்னால நிறுத்தப் போறாங்க,
இதுக்கே இப்படியான்னு.
பொண் கொழந்த.
யாரோ ஒருத்தி எடுத்து வளர்த்தா."

இளநீரை ஒரு மடக்குக் குடித்தாள்.

"அந்தப் புள்ள பேரு மட்டும்
எங்கேயும் இல்ல."

பிறகு தாளை வாங்கினாள்.
இரண்டாக மடித்தாள், நான்காக, எட்டாக.
குனிய முடியவில்லை, என்னிடம் நீட்டினாள்,
கண்ணால் மேசைக்காலைக் காட்டினாள்.

வாங்கமாட்டேன் என்றுதான் நினைத்தேன்.
போன வருஷம் வராத சம்பளத்துக்கு
வந்ததாக இரண்டு இடத்தில்
கையெழுத்துப் போட்டவன் நான்.
ரித்தீஷ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குனிந்தேன். சொருகினேன்.
கதவிடுக்கில் மெல்ல ஏறி வந்தது
மஸ்தான் பாயின் புகை.

குமிழ் நடுவுக்கு வந்து நின்றது.
அவள் சாமணத்தால் அடுத்த முகத்தை எடுத்தாள்.
நான் பேனாவைத் தேடினேன்.