அட்டை காய்ந்திருந்தது

ராத்திரி வண்டிக்கடியில் விரித்த அட்டையில்
ஒரு சொட்டு ஈரமில்லை.

பேரணாம்பட்டிலிருந்து தோல் ஏற்றி
ராணிப்பேட்டை போய்த் திரும்புவதற்குள்
ஒன்றரை லிட்டர் கூலன்ட் காணோம்.
பள்ளிகொண்டா டோலிலேயே முள்
சிவப்பைத் தொடுகிறது.

ஆயில் குச்சியை உருவினேன்.
கறுப்பு. பால் கலக்காத கறுப்பு.
அல்ஹம்துலில்லாஹ்.
கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டேன்.

ஆறிய ரேடியேட்டரின் மூடியைத் திறந்துவைத்து,
"ஏறி மிதி" என்றேன்.
மாவுக் கையோடு ஏறினாள் ஷம்ஷாத்,
இந்தச் சீட்டில் முதல்முறை.

வெள்ளைப் புகை.
காற்று திரும்பியது.
"என்னங்க, இனிப்பா மணக்குது?"

ரேடியேட்டர் வாயில் ஒரு குமிழி.
நின்று,
இன்னொன்று.
பிறகு கொத்தாக.

ஹெட் கேஸ்கெட்.
வரும் ஐந்தாம் தேதி தவணை.

போதும் என்று கை காட்டினேன்.
பார்த்தாள்.
இன்னும் கொஞ்சம்
மிதித்தாள்.