இடப்பக்க இருக்கை

பதினோராம் கட்டத்தில் கேட்டிருந்தார்கள்:
விபத்து நேர்ந்தபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

உட்கார்ந்திருந்தேன் என்று எழுதினேன்,
இடக்கையால்.
வலக்கை மணிக்கட்டுக்குள் இரண்டு தகடு, ஏழு திருகு.
எழுத்துகள் மழையில் ஒதுங்கும் ஆடுகளாய்
கட்டத்தின் ஒரு மூலையில் நெருக்கியடித்து நின்றன.

ஆபரிஸ்ட்வித் மருத்துவமனைச் சலவைக்கூடம்.
இரவு வேலை முடிந்து வந்துகொண்டிருந்தோம்
நானும் மைர்வெனும்.
பெட்ரோலில் பாதி என்னுடையது,
வெள்ளிதோறும் சாம்பல் தட்டில் சில்லறையாகப் போட்டுவிடுவேன்.
ஒன்பது வருடம், அதே சிவப்புக் கார்.
ஹீட்டர் அவள் பக்கம் மட்டும்தான் சூடு கக்கும்
என்பதால்
தடித்த கையுறை ஜோடி எப்போதும் எனக்கு.

அணைக்கட்டு தாண்டிய வளைவில்
சாலை கறுப்பு.
அதன்மேல் படிந்திருந்த பனியும் கறுப்பு.
பிறகு கல்சுவர்.
பிறகு வெகுநேரம் வைப்பர் மட்டும்
இல்லை, இல்லை, இல்லை என்று
எதையோ மறுத்துக்கொண்டிருந்தது.

வக்கீல் ப்ரோபர்ட்டின் அலுவலகம் கறிக்கடை மாடியில்.
கீழே எலும்பு வெட்டும் சத்தம்
அவர் வாக்கியங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.
"பயணி வழக்கு சுலபம், மிஸஸ் பூவன்.
ஓட்டுவது அவர் வேலை. நம்புவது உங்கள் வேலை.
நீங்கள் உங்கள் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள்."
தோழியிடம் கேட்கவில்லையாம் நான்,
கம்பெனியிடம்தான் கேட்கிறேனாம்.
ஆனால் நான்காம் கட்டத்துக்குக் கம்பெனி போதாது.
அதற்கு ஒரு பெயர் வேண்டும்.
எதிர்த்தரப்பு:
மைர்வென் ப்ரைஸ்.
எதிர் என்ற சொல்லை
அவள் பெயருக்குப் பக்கத்தில் முதல்முறை பார்த்தேன்.
ஒன்பது வருடம் அவள் எனக்குப் பக்கம்.

பதினாறு வாரச் சம்பளத்தைக் கணக்கிடலாம்.
பேருந்துக் கட்டணத்துக்கு ரசீது இருக்கிறது.
ஜாடி மூடி திறக்க
அடுத்த வீட்டுச் சிறுவனைக் கூப்பிட்டதற்கு?
"அதுவும் எழுதுங்கள்," என்றார்.
எழுதினேன். ஊறுகாய், ஜாம், மாத்திரைப் புட்டி.

ஞாயிறன்று மைர்வென் வந்தாள், பேருந்தில்.
வெங்காய விதைப் பாக்கெட்டின் பின்புறம்
காப்பீட்டு எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்.
"ஒருமாதம் தவறாமல் கட்டியிருக்கிறேன், நெரிஸ்.
இதுவரை அவன்களிடமிருந்து
ஒரு பைசா யாரும் பார்த்ததில்லை.
நீயாவது வாங்கு."
அடுத்த வருடம் பிரீமியம் எவ்வளவு ஏறும் என்பதை
அவளும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
என் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாள்
ஓரம்வரைக்கும், குழந்தைக்குத் தடவுவதுபோல.
கத்தியைக் கழுவும்போது, முதுகு காட்டியபடி:
"சாலையைப் பார்த்திருக்க வேண்டும் நான்."

அவ்வளவுதான் சொன்னாள்.

வளைவுக்குக் கொஞ்சம் முன்னால்
மைல்கல்லின்மேல் ஒரு வெண்ணாந்தை இருந்தது.
விளக்கொளி பட்டதும் எழுந்தது,
அவ்வளவு பெரிய இறக்கையில் அணுவளவும் ஓசையில்லாமல்.
மைர், அங்கே பார், என்றேன்.

அவள் வாக்குமூலத்தில் ஆந்தை இல்லை.
காதில் விழாமல் இருந்திருக்கலாம்.
விழுந்தும்
என் கோரிக்கையில் கீறல் விழக்கூடாதென்று
விழுங்கியிருக்கலாம்.

இழப்பீடு என்கிறார்கள்.
இழப்பு எது என்று தெரிகிறது, மழை நாளில் குத்துகிறது.
எது எதற்கு ஈடு என்பதில்தான் குழப்பம்.

கடைசிப் பக்கம்:
மேற்கண்டவை யாவும் உண்மையென நம்புகிறேன்.
பேனா மூடியைப் பல்லால் கழற்றி வைத்திருக்கிறேன்.
அவளிடம் ஒன்று கேட்க வேண்டும்,
ஆந்தையைப் பார்த்தாயா?
பார்த்தேன் என்றாள் என்றால்
பதினோராம் கட்டத்தை அடித்து எழுத வேண்டும்.
பார்க்கவில்லை என்றாலோ
அந்த வெண்மையை
இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் கண்டிருக்கிறேன்.
அதற்கு ப்ரோபர்ட்டின் அட்டவணையில் தொகை கிடையாது.

மூன்று நாளாக உறை மேஜைமேல் கிடக்கிறது,
தபால்தலை ஒட்டியாகிவிட்டது,
கோணலாக.